மயக்கம் தெளியும் நேரம்: பல் அறுவை சிகிச்சையும் அசாதாரண எதிர்வினைகளும்

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் ஒரு கட்டணக் காட்சி நடத்தினார். மேடையேற முன்வந்தவர்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகரக் கொடுத்தார். அவர்கள் சிரித்தார்கள், ஆடினார்கள், காரணமில்லாமல் சண்டைக்குப் போனார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் அதைப் பார்த்து ரசித்தார்கள். சாமுவேல் கூலி என்ற இளைஞர் அந்த வேகத்தில் ஓடித் திரிந்து காலில் பலமாக அடிபட்டுக்கொண்டார். வாயுவின் பிடி விட்ட பிறகுதான் காலில் காயம் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. கூட்டத்தில் இருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் மற்றவர்கள் சிரித்த இடத்தில் யோசித்தார். மறுநாளே கோல்ட்டனை வாயு கொடுக்கச் சொல்லி, சக பல் மருத்துவர் ஜான் ரிக்ஸை வைத்துத் தன் பல்லைப் பிடுங்கவைத்தார். வலிக்கவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1846 அக்டோபர் 16 அன்று, இன்னொரு பல் மருத்துவரான வில்லியம் மார்ட்டன் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் கொடுத்து, மயக்க மருந்தை உலகறியச் செய்தார். முழு மயக்கம் என்ற மருத்துவ முறைக்குப் பிறந்த வீடு பல் மருத்துவம் என்று சொன்னால் அது மிகையாகாது. அந்த முறையைக் கண்டுபிடிக்க வழிகாட்டியதே ஓர் அசாதாரண எதிர்வினைதான் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். வெல்ஸின் முடிவும் அப்படியே அமைந்தது. குளோரோஃபார்மைத் தன்மீதே சோதித்துச் சோதித்து மனம் பிறழ்ந்து, நியூயார்க் தெருவில் பெண்கள்மீது அமிலம் வீசிக் கைதானார். தெளிந்த பின் செய்தது தெரியவந்ததும் 1848 ஜனவரியில் சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்று தொடங்கிய கேள்வி இன்றும் பல் சிகிச்சைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. மயக்கம் தெளியும்போது நடக்கும் விசித்திரங்களில் எது வழக்கமானது, எது ஆபத்தானது? என் பார்வையில் சிக்கலே இங்கேதான் இருக்கிறது. பார்க்கப் பயமாக இருப்பவற்றில் பல தாமாகவே அடங்கிவிடுகின்றன. உயிரை எடுக்கக்கூடியவை சில நேரம் சத்தமில்லாமல் வருகின்றன. அவற்றில் கணிசமானவற்றை முன்கூட்டிக் கேட்கும் ஒரு கேள்வியால் தடுக்க முடியும்.

மூளை விழிக்கும் விதம்

மயக்க மருந்து மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் விடுவிப்பதில்லை. கண் திறக்கிறது, வாய் பேசுகிறது, கை உதறுகிறது. ஆனால் தன்னை அடக்கிக்கொள்ளும், இடம் பொருள் அறியும் பகுதி இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியில் வருவதுதான் விழிப்புநிலைக் குழப்பம். இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் இது அதிகம். குழந்தை வீறிட்டு அழும், முதுகை வில்லாக வளைக்கும், தாயை அடையாளம் தெரியாததுபோல் உதைக்கும், ஊசிக் குழாயைப் பிடுங்கும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை எவர்மீதும் நிற்காது. இந்தக் குழப்பத்தை வலியால் வரும் அழுகையிலிருந்து பிரித்தறிய 2004இல் சிக்கிச், லெர்மன் இருவரும் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். குழந்தை கண்ணோடு கண் பார்க்கிறதா, செய்வதை அறிந்து செய்கிறதா, சுற்றுப்புறம் தெரிகிறதா, அமைதியற்று இருக்கிறதா, ஆற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் அது கேட்கிறது.

குழந்தைகளுக்கு முகமூடி வழியே கொடுக்கப்படும் செவோஃப்ளுரேன் என்ற வாயு மருந்தோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பல்லைப் பிடுங்கிய வலியால்தான் குழந்தை அழுகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் எந்த அறுவையும் இல்லாமல் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்காக மட்டும் செவோஃப்ளுரேன் கொடுத்த குழந்தைகளிடமும் இதே குழப்பம் பதிவாகியிருக்கிறது. வலி அதைக் கூட்டலாம். வலி மட்டுமே காரணமல்ல. பல் சிகிச்சையில் இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. உதடும் நாக்கும் மரத்திருக்கும், வாயில் ரத்தத்தின் உப்புச்சுவை இருக்கும், மூக்கு வழியே சுவாசக் குழாய் போட்டிருந்தால் மூக்கு அடைத்திருக்கும். தன் வாய் தன்னுடையதாக இல்லாத குழந்தைக்கு வேறெப்படி இருக்கும்?

பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்களில் இது அடங்கிவிடும். அதுவரை குழந்தை விழாமலும், பஞ்சைக் கடித்து விழுங்காமலும், நாக்கையோ உதட்டையோ கடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வதே வேலை. முடிக்கும் நேரத்தில் சிறிதளவு புரோபோஃபால் அல்லது டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தால் இது குறைகிறது. முந்தைய முறை குழந்தை இப்படி நடந்துகொண்டது என்று தாய் சொன்னால் போதும், அனஸ்தீசியா டாக்டர் முறையையே மாற்றிக்கொள்ளலாம். ரெக்கவரி அறைக்குத் தாயை எப்போது விடுவது என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது. குழந்தை கண் திறக்கும்போது பழகிய முகம் அருகில் இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பெரியவர்களிடம் இது வேறு உருவம் எடுக்கும். ஞானப்பல் எடுத்துக்கொண்ட இளைஞர்கள் காரணமின்றித் தேம்பி அழுவதும், செவிலியரிடம் மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டுவதும், சிரித்துக்கொண்டே இருப்பதும் சகஜம். 2009இல் பல் மருத்துவரிடம் சென்று திரும்பும் ஏழு வயதுச் சிறுவனின் காணொளி ஒன்று யூடியூபில் வந்து பத்துக் கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது. அதன்பின் இத்தகைய படங்கள் பெருகிவிட்டன. எனக்கு இவை உறுத்தலாக இருக்கின்றன. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவரைப் படமெடுத்து உலகுக்குக் காட்டுவதில் ஹார்ட்ஃபோர்டு மேடையின் மிச்சம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, காரின் பின் இருக்கையில் தலை தொங்கக் கிடப்பவரின் மூச்சைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

மருந்துக்கு மருந்து குழப்பத்தின் குணம் மாறும். மிடாசோலம் பதற்றத்தை அடக்கக் கொடுப்பது. சிலரிடம், குறிப்பாகக் குழந்தைகளிடமும் முதியவர்களிடமும், அது நேர்மாறாக வேலை செய்து மூர்க்கத்தை உண்டாக்கும். இதற்கு ஃப்ளுமாசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. 1964இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட கெட்டமைன் உடலையும் மனத்தையும் பிரித்து வைத்ததுபோன்ற நிலையைத் தரும். விழிக்கும்போது மிதப்பது, உருவங்கள் தெரிவது, கெட்ட கனவு ஆகியவை ஏறத்தாழ 12 சதவீதம் பேரிடம் வருவதாக மருந்தின் குறிப்பேடே சொல்கிறது. அமைதியான அறையும் சிறிது மிடாசோலமும் இதைக் குறைக்கும்.

அட்ரோபின் நமக்குப் பழகிய வேறொரு வாசல் வழியே வருகிறது. வாயில் வேலை செய்யும்போது எச்சில் ஊறாமல் இருக்க இதைக் கொடுப்பதுண்டு. ஊமத்தங்காயில் இருப்பதும் இந்த வகைச் சத்துகள்தான். ஊமத்தை தின்றவரைப் பார்த்த கிராமத்து ஆட்களுக்கு அதன் குறிகள் தெரியும்: வாய் உலர்ந்து, முகம் சிவந்து, உடம்பு சுட்டு, இல்லாததைக் கையால் பிடித்து, சம்பந்தமில்லாமல் பேசுவது. அட்ரோபினுக்குப் பின் சிலரிடம் தோன்றும் குழப்பமும் அதேதான். கிளைகோபைரோலேட் என்ற மருந்து எச்சிலைக் குறைக்கும், ஆனால் மூளைக்குள் எளிதில் நுழையாது. அதனால் இன்று பலர் அதையே விரும்புகிறார்கள்.

மாறிய மொழி, மாறிய உச்சரிப்பு

செய்தித்தாள்கள் விரும்பி எழுதுவது இந்த வகையைத்தான். நெதர்லாந்தில் 17 வயதுப் பையன் ஒருவன் கால்பந்து விளையாடி முழங்காலில் அடிபட்டு அறுவை செய்துகொண்டான். விழித்ததும் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினான். தான் அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்னான். பெற்றோரை அடையாளம் தெரியவில்லை. அதுவரை பள்ளி வகுப்பில் மட்டுமே ஆங்கிலம் பேசியவன் அவன். மறுநாள் நண்பர்கள் பார்க்க வந்தபோது டச்சு மொழி திரும்பிவிட்டது. 2022இல் மருத்துவ இதழில் வெளியான இந்த நிகழ்வு பல் அறுவையில் நடந்ததல்ல. ஆனாலும் மயக்கத்திலிருந்து விழிக்கும் மூளை எப்படித் தடுமாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இது விழிப்புநிலைக் குழப்பத்தின் ஒரு வடிவமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

பல் நாற்காலியோடு நேரடித் தொடர்புள்ளது வேறொரு நிகழ்வு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் பெண் ஒருவர் 2009இல் மயக்கத்தில் பற்களை எடுத்துச் செயற்கைப் பல் பொருத்தும் சிகிச்சை செய்துகொண்டார். வீக்கம் வடிந்த பிறகும் அவருடைய ஆங்கிலம் அயல்நாட்டுக்காரர் பேசுவதுபோலவே ஒலித்தது. அயல் உச்சரிப்பு நோய்க்குறி என்பது இதற்குப் பெயர். பிரெஞ்சு நரம்பியலாளர் பியேர் மரி 1907இலேயே இதை விவரித்திருக்கிறார். 1941இல் குண்டுச் சிதறலில் தலையில் அடிபட்ட நார்வேப் பெண் ஒருவர் ஜெர்மானிய உச்சரிப்பில் பேசத் தொடங்கி, ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த அந்நாட்டில் அக்கம்பக்கத்தாரின் வெறுப்புக்கு ஆளானார். பெரும்பாலான நேரங்களில் இதற்குப் பின்னால் பக்கவாதமோ மூளைக் காயமோ இருக்கிறது. ஆகவே பல் எடுத்த பின் பேச்சின் தாளம் மாறி, மரப்பும் வீக்கமும் போன பிறகும் நீடித்தால் அதை வேடிக்கைச் செய்தியாக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கனவா, குற்றமா

பேசத் தயங்கும் ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிடாசோலம், புரோபோஃபால் போன்றவற்றின் கீழ் பாலியல் தன்மை கொண்ட, நிஜம்போலவே தோன்றும் கனவுகள் வரக்கூடும். பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த மயக்கவியல் அறிஞர் ஜான் டன்டி 1990இல் இத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்து, மருந்தின் அளவு கூடும்போது இவை கூடுவதைச் சுட்டிக்காட்டினார். பல் மருத்துவர்கள் தனியறையில் துணையின்றி மயக்க மருந்து கொடுத்த காலத்தில் இதனால் பொய்யாகக் குற்றம் சுமத்தப்பட்டவர்கள் உண்டு.

இதே வாதம் குற்றவாளிக்குக் கேடயமாகவும் ஆகியிருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் அறுவை மேசையில் அரைமயக்கத்தில் இருந்த 21 பெண்களிடம் பாலியல் வன்முறை செய்ததாக 2013இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மருந்து உண்டாக்கிய மனமயக்கம் அது என்பதே அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பெண்கள் சொன்னது காதில் விழாமல் போனதற்கு மருத்துவ நூல்களில் இருந்த அந்த ஒரு வரியும் காரணம். மயக்கத்தில் இருக்கும் நோயாளியோடு ஒருபோதும் ஒரே ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. இரண்டாவது ஆள் அறையில் இருப்பது நோயாளிக்கும் காப்பு, நேர்மையான மருத்துவருக்கும் காப்பு. புகார் வந்தால் அதைக் கனவு என்று தள்ளாமல் விசாரிப்பதும் அதே அளவு கட்டாயம்.

ரத்தத்தில் எழுதியிருப்பது

இனி உண்மையான ஆபத்துகள். சுவாசக் குழாயைச் சட்டென்று போடுவதற்குத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து உண்டு. நம் நாட்டு அறுவை அரங்குகளில் ஸ்கோலின் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி இதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே குறைபாடாக இருப்பவர்களுக்கு மருந்து மணிக்கணக்கில் நிற்கும். அறுவை முடிந்துவிட்டது, மயக்க வாயுவை நிறுத்தியாயிற்று, நோயாளி மூச்சுவிடவில்லை. இதைத்தான் ஸ்கோலின் ஆப்னியா என்கிறார்கள். மூச்சுக் கருவியில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் முழுமையாக மீண்டுவிடலாம். அதுவரை நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது உயிர்போலக் காக்க வேண்டிய விதி. மறந்தால் விழிப்போடு, கண்ணைக்கூடத் திறக்க முடியாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கும் கொடுமை நேரும்.

இந்தக் குறைபாடு பரம்பரையாக வருவது. டொராண்டோவில் பணியாற்றிய வெர்னர் கலோ 1957இல் இதைக் கண்டறியும் ரத்தச் சோதனையை வகுத்தார். மரபுக்கும் மருந்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறைக்கே அது அடித்தளமாயிற்று. தென்னிந்தியாவுக்கு இதில் தனி இடம் உண்டு. ஆந்திரம், தெலங்கானா, தமிழகம், கர்நாடகம் எங்கும் பரவி வாழும் ஆரிய வைசியச் சமூகத்தினரிடம் இக்குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதி உள்ளிட்ட குழுவினர் 2006இல் அடையாளம் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்த எந்தக் குழுவிலும் ஏதோ ஒரு மரபணு மாற்றம் இப்படிப் பெருகும் என்பதை ஹைதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் விளக்கியது.

இது நோயல்ல, அன்றாட வாழ்வில் ஒரு தொந்தரவும் தராது. மயக்க மருந்துக்கு முன் நம் ஊர் அனஸ்தீசியா டாக்டர் சமூகத்தைக் கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உயிர்காக்கும் காரணத்துக்காகக் கேட்கப்படும் கேள்வி அது. எந்தச் சமூகத்தினராக இருந்தாலும், ‘எங்கள் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து அரை நாள் நினைவு திரும்பவில்லை’ என்பதுபோன்ற குடும்பக் கதை ஒன்று இருந்தால் அதை மறைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. ஸ்கோலினுக்கு மாற்றாக வேறு மருந்துகள் இருக்கின்றன.

குடும்பக் கதையின் மதிப்பை மருத்துவம் உணர்ந்தது 1960இல். மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது இளைஞர், முறிந்த காலைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சினார். உறவினர்களில் பத்துப் பேர் ஈதர் கொடுத்தபோது இறந்திருக்கிறார்கள் என்றார். ஈதரைத் தவிர்த்து ஹாலோத்தேன் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் உடல் அனலாய்க் கொதித்தது. மருந்தை நிறுத்திப் பனிக்கட்டியால் குளிர்வித்துக் காப்பாற்றினார்கள். மைக்கேல் டென்பரோவும் லவலும் அதை ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இன்று அதன் பெயர் தீவிர மிகைவெப்பம். தசைச் செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவு ஒன்றில் பிறவிக் கோளாறு. ஹாலோத்தேன், செவோஃப்ளுரேன் போன்ற வாயுக்களோ ஸ்கோலினோ பட்டதும் அந்தக் கதவு மூடாமல் நின்றுவிட, தசைகள் இறுகி எரிந்துகொண்டே இருக்கும்.

பல் மருத்துவர்கள் இதை அறிந்திருக்கத் தனிக் காரணம் உண்டு: முதல் அறிகுறி பல நேரம் தாடை இறுகிப்போவதுதான். வாயைத் திறக்க முடியவில்லையே என்று பல் மருத்துவர் திகைக்கும் அந்த நொடியில், மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறதா என்று அனஸ்தீசியா டாக்டர் பார்ப்பார். வெப்பம் ஏறுவது பின்னால்தான். அறுவை முடிந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளும் இது தொடங்கலாம். முன்பு ஒருமுறை மயக்க மருந்து வாங்கி ஒன்றும் ஆகவில்லை என்பதும் இதில் உத்தரவாதமல்ல.

மருந்து இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன் 1975இல் பன்றிகளில் சோதித்துக் காட்டிய டான்ட்ரோலின் 1979இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்றது. ஒருகாலத்தில் பத்துக்கு ஏழெட்டுப் பேரைக் கொன்ற நிலை இதனால் தலைகீழானது. ஆனால் பழைய வகை டான்ட்ரோலின் குப்பி ஒன்றில் 20 மில்லிகிராம்தான். ஒவ்வொன்றையும் 60 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டும். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்ற முதல் அளவுக்கே 60 கிலோ எடையுள்ளவருக்கு எட்டுக் குப்பிகளை உடைத்துக் கலக்க ஆட்கள் வேண்டும். விலை அதிகம், தேவை அரிது என்பதால் நம் நாட்டில் எல்லா மருத்துவமனைகளிலும் இது இருப்பில் இருப்பதில்லை. நகரத்துக்கு ஓரிடத்திலாவது பொது இருப்பு வைத்து, எங்கே இருக்கிறது என்பதை எல்லா அறுவை அரங்குகளுக்கும் தெரிவிப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல.

இதே வரிசையில் தசைச்சிதைவு நோயும் வரும். நோய் இன்னும் வெளியே தெரியாத சிறுவனுக்கு ஸ்கோலின் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நின்றுபோகலாம். அமெரிக்காவில் அந்த மருந்தின் உறையிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. தாமதமாக நடை பழகிய, மாடிப்படி ஏறத் திணறுகிற, தொடையைக் கையால் ஊன்றி எழுகிற பிள்ளையைப் பற்றிப் பல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

ஒவ்வாமை, தாடைப் பிடிப்பு, வைட்டமின்

ஒவ்வாமை என்றதும் மயக்க மருந்தையே சந்தேகிக்கிறோம். பிரிட்டனில் 2018இல் வெளியான நாடு தழுவிய தணிக்கை, அறுவையின்போது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு நேர்வதாகவும், முதல் காரணம் கிருமிக்கொல்லி மருந்துகள் என்றும் கண்டது. தோலைத் துடைக்கும், வாயைக் கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடினும் அந்தப் பட்டியலில் இருந்தது. பல் பிடுங்கிய குழியைக் குளோர்ஹெக்ஸிடினால் கழுவியபோது பிரிட்டனில் இருவர் இறந்ததும் பதிவாகியிருக்கிறது. கொப்பளித்தபின் உதடு தடித்தது, உடம்பு அரித்தது என்றால் அது சொல்லத் தக்க செய்தி.

வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, கடையில் பெரினார்ம் என்ற பெயரில் பலர் அறிந்தது, இளம்பெண்களிடமும் குழந்தைகளிடமும் சில நேரம் விபரீதம் காட்டும். கழுத்து ஒருபக்கம் திருகும், கண் மேலே சொருகும், நாக்கு வெளியே தள்ளும், தாடை பூட்டிக்கொள்ளும். வலிப்பு என்றோ, பல் எடுத்தபோது தாடை விலகிவிட்டது என்றோ பதறுவார்கள். பார்க்க இவ்வளவு பயங்கரமானது, புரோமெத்தசின் போன்ற ஓர் ஊசியில் சில நிமிடங்களில் சரியாகிவிடும். தெரிந்த மருத்துவர் அருகில் இருப்பதுதான் இங்கே எல்லாம்.

நைட்ரஸ் ஆக்சைடு உடலில் உள்ள வைட்டமின் பி12ஐச் செயலிழக்கச் செய்யும். ராபர்ட் லேசர் 1978இல் விவரித்த 15 நரம்புப் பாதிப்பு நோயாளிகளில் 14 பேர் பல் மருத்துவர்கள். தங்கள் கிளினிக்கில் இருந்த வாயுவை நீண்ட காலம் முகர்ந்தவர்கள் பெரும்பாலோர். ஒருமுறை சிறிது நேரம் பெறும் ஆரோக்கியமான ஒருவருக்கு இதனால் கேடு வராது. ஆனால் பி12 ஏற்கெனவே வறண்டிருப்பவருக்கு, சில வாரங்கள் கழித்துக் கால் மரப்பும் தள்ளாட்டமும் வரக்கூடும். முட்டை, மீன், இறைச்சி தொடாத குடும்பங்களில் பி12 குறைவு பரவலாக இருக்கும் நம் நாட்டில் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

வாய்க்குள் விட்டுப்போனவை

பல் அறுவையில் மருத்துவரும் அனஸ்தீசியா டாக்டரும் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அறுக்கும் இடமும் மூச்சுக்குழலின் வாயும் அடுத்தடுத்து. இங்கே வரும் ஆபத்துகளுக்கு மரபணு காரணமல்ல, கவனம்தான். ரத்தம் இறங்காமல் தொண்டையில் வைக்கும் துணிச்சுருளை எடுக்க மறந்தால், குழாயை உருவியதும் மூச்சு அடைபடும். மேலண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரத்தக்கட்டி மூச்சுக்குழலில் விழுந்தாலும் அதே கதி. அந்தக் கட்டிக்குப் பிணப் பரிசோதகரின் பெயரை ஆங்கில மருத்துவ உலகம் சூட்டியிருப்பதே அதன் வரலாற்றைச் சொல்லும். எச்சிலோ ரத்தமோ குரல்வளையில் பட்டு அது இறுக மூடிக்கொள்வது இன்னொன்று. சளி பிடித்த குழந்தைகளிடம் இது அதிகம். சளி, காய்ச்சல் என்றால் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வது அதனால்தான். கட்டுடல் கொண்ட இளைஞர் மூடிய குரல்வளைக்கு எதிராகப் பலம்கொண்டு மூச்சிழுத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அறுவை முடிந்து நன்றாக இருந்தவர் இளஞ்சிவப்பு நுரை துப்புவதைப் பார்த்தால் யாருக்கும் குலை நடுங்கும்; ஆக்சிஜனும் மூச்சு உதவியும் கிடைத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடுகிறார்கள்.

முழு மயக்கத்தோடு மரத்துப்போகும் ஊசியும் போடுவதால் விழித்ததும் முகம் ஒருபக்கம் கோணியிருக்கலாம், கண் மூடாமல் இருக்கலாம். ஊசி மருந்து முக நரம்பு வரை பரவியதால் வருவது இது. சில மணி நேரத்தில் போய்விடும். கையும் காலும் சேர்ந்து பலமிழந்தால் அது வேறு விஷயம், உடனே பக்கவாதத்தை நினைக்க வேண்டும். காற்றில் சுழலும் துளைக்கருவியால் தோலுக்கடியில் காற்று புகுந்து கன்னம் திடீரென உப்புவதும், தொட்டால் நறநறப்பதும் உண்டு. ஒவ்வாமை வீக்கம் நறநறக்காது.

எங்கே, எத்தனை பேர்

பிரிட்டனில் ஒருகாலத்தில் தெருமுனைப் பல் மருத்துவமனையிலேயே முழு மயக்கம் கொடுத்தார்கள். தொடர் மரணங்களுக்குப் பிறகு, 2001ஆம் ஆண்டு முடிவோடு அது நிறுத்தப்பட்டது. தீவிர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையில் மட்டுமே பல்லுக்காக முழு மயக்கம் கொடுக்கலாம். அமெரிக்காவில் அறுவை செய்யும் பல் மருத்துவரே மயக்க மருந்தையும் கவனிக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கலிஃபோர்னியாவில் கேலெப் என்ற ஆறு வயதுச் சிறுவன் அப்படியொரு சிகிச்சையில் 2015இல் இறந்தான். அவன் பெயரால் அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. ஆழ்ந்த மயக்கமென்றால் அதை மட்டுமே கவனிக்கத் தனியாகத் தேர்ந்தவர் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் குழந்தைப் பல் மருத்துவர் சங்கமும் 2019இல் வழிகாட்டின. ஒரு கையில் பல்லும் மறு கையில் உயிருமாக ஒருவரே நிற்கும் முறையை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் குழந்தைகள் இரவில் அலறுவது, படுக்கையை நனைப்பது, தாயை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்வது ஆகியவை சில நாட்கள், சில நேரம் வாரங்கள்வரை இருக்கும். 1966 முதலே வெர்னன் வகுத்த வினாத்தாளைக் கொண்டு இவற்றை அளந்துவருகிறார்கள். அடித்தோ அதட்டியோ திருத்த வேண்டியதல்ல இது. மூளை வளர்ச்சி பாதிக்குமோ என்ற அச்சத்துக்கும் ஓரளவு விடை உண்டு. கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை முழு மயக்கம் பெற்றவர்களின் அறிவுத்திறன் ஐந்து வயதில் மற்றவர்களுக்குக் குறைவில்லை என்று பன்னாட்டு ஆய்வொன்று 2019இல் காட்டியது. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பற்றித்தான் அமெரிக்க மருந்து ஆணையம் 2016இல் எச்சரித்தது. வலிக்கு வீட்டில் கொடுக்கும் மருந்திலும் கண் வேண்டும். கோடீன், டிரமடால் இரண்டையும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அதே ஆணையம் 2017இல் சொல்லிவிட்டது. சில குழந்தைகளின் உடல் அவற்றை மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றி, மூச்சையே மந்தமாக்கிவிடுகிறது. எழுப்பினால் எழாத தூக்கம், குறட்டையோடு இடைவெளி விட்டு வரும் மூச்சு, நீலம் பாரித்த உதடு, நிற்காத ரத்தம், ஏறும் காய்ச்சலோடு இறுகிய உடம்பு, கருத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். மயக்க மருந்துக்கு முன்பு உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவை அரங்கில் நேர்ந்த எதையும், அற்பமாகத் தோன்றினாலும், அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிடும் மருந்து, நாட்டு மருந்து, பாக்கு, புகையிலைப் பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். உங்களுக்கோ பிள்ளைக்கோ அசாதாரணமாக ஏதும் நடந்திருந்தால், கொடுத்த மருந்துகளின் பெயரையும் நடந்ததையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரும்படி கேளுங்கள். வாய்வார்த்தையாக ‘கொஞ்சம் லேட்டாக முழித்தார்’ என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். அந்தத் தாளைப் படியெடுத்து உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஸ்கோலின் ஆப்னியாவும் தீவிர மிகைவெப்பமும் அவர்களுக்கும் இருக்கலாம்.